பெண்கள் பக்கத்துக் கதவு

எங்கே ஆரம்பித்தாலும் தப்பாகத்தான் சொல்லப்போகிறோம் என்று தையல்நாயகிக்குத் தோன்றியது. தீயில் ஆரம்பித்தால் கொட்டகை விட்டுப்போகும். கொட்டகையில் ஆரம்பித்தால் கதவு வருவதற்குள் மூச்சு வாங்கும். கதவில் ஆரம்பித்தால் அண்ணன் வந்துவிடுவான். கொல்லை வாசற்படியில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஒரு கொத்தை எடுப்பாள், காம்பைப் பிடித்து ஒரே இழுப்பாக உருவுவாள், இலையில் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பாள், பார்த்ததையே மறுபடி பார்ப்பாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து வீடு கொஞ்சம் கண்ணயரும் நேரம். இன்றைக்கு யாரும் அயரவில்லை. கூடத்திலிருந்து அண்ணன் வைத்தியலிங்கத்தின் குரல் இருமலோடு வந்தது. அதற்கு எதிரே ஒரு பொம்பளைக் குரல், உயரவும் இல்லை, தாழவும் இல்லை. ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவளின் குரல். இன்றைக்கு இல்லையென்றால் நாளைக்கும் வந்து நிற்பேன் என்கிற குரல்.

"நான் கேட்டுக்கார மாசிலாமணி மவ, ஐயா. செங்கமலம்."

"தெரியுதும்மா. உக்காரு. தண்ணி குடிக்கிறியா?"

"தண்ணி வேணாங்க. கல்லுல எங்கப்பா பேரு வருதுன்னு சொன்னாங்க. அதான், என்னன்னு கேட்டுட்டுப் போலாம்னு."

கல் விஷயம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உமையாள் டாக்கீஸ் எரிந்த மனையில் இப்போது உமையாள் மகால் நிற்கிறது, கல்யாண மண்டபம். அங்கே நடந்த கல்யாணங்களில் சிலது சரியாக அமையவில்லை. ஒரு மாப்பிள்ளை செத்துப்போனான், ஒரு பெண் திரும்பி வந்துவிட்டாள். எந்த மண்டபத்தில் நடந்தாலும் நடக்கிறதுதான். ஆனால் ஊர் வாய் அந்த மனையைத்தான் சொன்னது. மண்டபத்துக்கு ஆள் வருவது குறைந்ததும் ஜோசியரைக் கேட்டார்கள். தீயில் செத்த தாய்மார்களுக்கு ஒரு கல் நட்டு விளக்கு வையுங்கள் என்றார். மண்டபக் கமிட்டிக்கு அண்ணன்தான் செயலாளர். கல்லில் பெயர்களும், பெயர்களுக்கு மேலே நடந்ததைச் சொல்ல நாலு வரியும் வரவேண்டும். அந்த நாலு வரியை அண்ணன் எழுதினான். எழுதிவிட்டு அண்ணியிடம் படித்துக் காட்டியபோது தையல்நாயகி உள்ளே தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். 'கேட்டுக்காரன் மாசிலாமணி பெண்கள் பக்கத்துக் கதவைப் பூட்டிவிட்டு ஓடிவிட்டதால்' என்று வந்ததும் துருவுகிற கை நின்றது. நின்றதை யாரும் பார்த்திருக்கக்கூடாதே என்று உடனே வேகவேகமாகத் துருவி, சிரட்டையையும் சேர்த்துத் துருவிவிட்டாள். அன்றைக்குக் குழம்பில் கறுப்புக் கறுப்பாக மிதந்ததற்கு அண்ணி பேசியது தனிக்கதை.

"ஊருக்கே தெரிஞ்ச விஷயம்மா. கோர்ட்டே சொன்னது," என்றான் அண்ணன்.

"கோர்ட்டு சொல்லி எங்கப்பா உள்ள போயிட்டும் வந்தாரு, செத்தும் போனாரு. அத நான் கேக்கல. கல்லு அப்படி இல்லீங்களே, கல்லு நிக்கும். எம் பேரன் அந்த வழியாத்தான் பள்ளிக்கூடம் போறான்." குரல் அப்போதும் உயரவில்லை. "உங்க தங்கச்சி உள்ள இருந்து பொழச்சு வந்தவங்கதானே. அவங்க ஒரு வார்த்தை சொல்லட்டும். எங்கப்பா ஓடினாருன்னு அவங்க வாயால சொல்லிட்டா நானே அந்தக் கல்லுக்கு மஞ்சத்தண்ணி தெளிச்சுட்டுப் போறேன்."

ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தை எங்கே இருக்கிறது என்று தேடினால் அதற்கு முன்னால் எத்தனையோ வார்த்தை நிற்கிறது. முதலில் கொட்டகையைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் கதவு புரியாது. ரைஸ்மில் பிள்ளை கட்டினது அது. செத்துப்போன பெண்சாதி பெயரை வைத்தார். முதலில் நாடகத்துக்குத்தான் கட்டினார், அதெல்லாம் தையல்நாயகி பிறப்பதற்கு முன்னால். அம்மா சொல்வாள், ராஜா வேஷக்காரர் வாளை உருவினால் பிடி மட்டும் கையோடு வருமாம், கத்தி உறைக்குள்ளேயே நிற்குமாம், சனம் சிரிக்காதாம், பாவம் ராஜா என்று உச் கொட்டுமாம். பிறகு மேடை இருந்த இடத்தில் வெள்ளைத் துணியைக் கட்டிப் படம் காட்ட ஆரம்பித்தார்கள். மேலே கீற்று, கீழே ஆற்று மணல், நடுவில் ஆளை மறைக்கிற உயரத்துக்குச் சுவர், வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள். போனதும் மணலைக் கூட்டி மேடு கட்டி அதன்மேல் உட்கார வேண்டும். முன்னால் இருக்கிறவள் மேடு உயர்ந்தால் பின்னால் இருக்கிறவள் இன்னும் உயர்த்துவாள். "ஏண்டி, கொண்டையக் கொஞ்சம் எறக்கிப் போட்டுக்கக் கூடாதா? படத்துல பாதி உந் தலைதான் ஓடுது," என்று அம்மா சத்தம் போடுவாள். அம்மாவுக்கு அகலமான உடம்பு, அதற்கேற்ற சத்தம். அம்மா உட்கார்ந்த மேடு அம்மா எழுந்த பிறகும் அம்மா மாதிரியே இருக்கும். இது வேண்டாம். இதைச் சொன்னால் குரல் உடையும், குரல் உடைந்தால் அந்தப் பெண் அழுவாள், அழுதால் அண்ணன் எழுந்துவிடுவான். மணலை மட்டும் சொல்லவேண்டும். மணல் முக்கியம்.

"என்ன, கீரை உருவுறியா, இல்ல ஒவ்வொரு எலைக்கும் ஜாதகம் பாக்குறியா?" அண்ணி மங்கையர்க்கரசி பின்னால் வந்து நின்றாள்.

"பூச்சி இருக்கு அண்ணி."

"ராத்திரிக்குள்ள ஆயிடுமா, இல்ல பூச்சியே தின்னு முடிச்சிடுமா? வந்தவ காபி வேணாங்கிறா, ஆனா போகவும் மாட்டேங்கிறா. உன்னைப் பாக்கணுமாம். நீயும் பெரிய மனுஷி ஆயிட்ட." சொல்லிவிட்டுப் போகாமல் நின்றாள். பிறகு குரலை இறக்கி, "அடுப்பைப் பாத்துட்டேன், அணைஞ்சுதான் இருக்கு, நீ எழுந்து எழுந்து பாக்காதே," என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணி கெட்டவள் இல்லை. கதவைத் திறந்து வைத்துப் படுக்கிற நாத்தனாரோடு, கற்பூரம் ஏற்றினால் அந்த அறையை விட்டே எழுந்து போகிற நாத்தனாரோடு, சாம்பிராணிப் புகைக்கு வாசலில் போய் நிற்கிற நாத்தனாரோடு இத்தனை வருஷம் ஒரு வீட்டில் இருந்திருக்கிறாள். அண்ணிக்கு எதுவும் தெரியாது. அண்ணிக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? அண்ணி அண்ணனைப் பார்க்கிற பார்வை மாறும். அந்தப் பார்வையில் ஒரு கீறல் விழுந்தால் வீடு முழுக்கக் கீறல் விழும். விழுந்தபின் அந்த வீட்டில் இவள் எந்த மூலையில் படுப்பாள்? வேறு வீடு இல்லை. கழுத்தில் தோல் இப்படி இழுத்துக்கொண்டு நிற்கிற பெண்ணை யாரும் கேட்டு வரவில்லை. வந்த ஒருத்தன் கிழவன், மூன்றாம் தாரமாகக் கேட்டான், அண்ணன் செருப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தான். என் தங்கச்சிக்கு நான் இருக்கும்வரைக்கும் சோறு இருக்கிறது என்றான். இருந்தது. இன்றுவரை இருக்கிறது. தீபாவளிக்கு அண்ணிக்கு ஒரு புடவை எடுத்தால் இவளுக்கும் ஒன்று, அதே கடையில், அண்ணிக்குப் பிடிக்காத அளவுக்கு நல்லதாக. கொடுக்கும்போது மட்டும் முகத்தைப் பார்க்கமாட்டான். புடவையைப் பார்ப்பான், கதவு நிலையைப் பார்ப்பான். அண்ணன் தன் கண்ணைப் பார்த்துப் பேசி எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தால் கொட்டகை எரிந்த அந்த ஆடி வெள்ளிக்கு இந்தப் பக்கம் ஒரு நாளும் கிடைக்கவில்லை.

கதவு. கதவை எப்படிச் சொல்வது? பெண்கள் பக்கத்துக்குத் தனிக் கதவு, தெற்கே பார்த்தது, பலகைக் கதவு. முதலில் அதற்கு உள்பக்கம்தான் தாழ்ப்பாள் இருந்தது. கம்மாளர் தெருப் பெண் ஒருத்தி இடைவேளையில் அந்த வழியாக வெளியே போனவள், போனவள்தான், படப்பெட்டி கொண்டுவருகிறவனோடு பஸ் ஏறிவிட்டாள். ஊர் கொதித்தது. நாலு தெரு ஆண்களும் ரைஸ்மில் பிள்ளையிடம் போய் நின்றார்கள். எங்கள் வீட்டுப் பெண்டுகள் படம் பார்க்க வரவேண்டுமென்றால் பத்திரம் வேண்டும் என்றார்கள். அப்போதுதான் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வந்தது. படம் தொடங்கியதும் வெளியே தாழ், இடைவேளைக்குத் திறப்பு, மறுபடி தாழ், படம் முடிந்ததும் திறப்பு. பையன்கள் கீற்றில் ஓட்டை போட்டு எட்டிப்பார்க்கிறார்கள் என்று பெண்கள் பக்கம் முழுக்க ஆள் உயரத்துக்குத் தகரம் அடித்தார்கள். அதுவும் பத்திரத்துக்குத்தான். கேட்டுக்காரர் ஒரே ஆள், முன்வாசலில் டிக்கெட் கிழிப்பாரா, தாழ்ப்பாள் பார்ப்பாரா? அதனால் தெரு வாலிபர்கள் முறை வைத்துக்கொண்டு, படம் முடியும்வரை அந்தக் கதவுக்கு வெளியே நின்றார்கள். பெருமையாக நின்றார்கள். மீசை முளைக்கிற வயசில் ஒரு ஊர்ப் பெண்டுகளுக்கே காவல் என்றால் சும்மாவா. அண்ணன் முறை வருகிற நாளில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு போவான். இதையெல்லாம் பிறகு கோர்ட்டில் யாரும் சொல்லவில்லை. அப்படி முறை எதுவும் கிடையாது, எங்கள் பிள்ளைகள் யாரும் அங்கே நின்றதில்லை, தாழ் போட்டது கேட்டுக்காரன்தான் என்று நாலு தெருவும் ஒரே வாயாகச் சொன்னது. தங்கள் வீட்டுப் பெண்களைத் தாங்களே பூட்டி வைத்தோம் என்று எந்த ஆண் சொல்வான்? தையல்நாயகியை யாரும் கேட்கவில்லை. அவள் அப்போது பெரியாஸ்பத்திரியில் வாழையிலையில் படுத்திருந்தாள். புகை தொண்டையைச் சுட்டு, பேச்சு வர மாதக்கணக்காயிற்று. பேச்சு வந்தபோது மாசிலாமணி ஜெயிலுக்குப் போயிருந்தார். பள்ளிக்கூடம் மறுபடி போன அன்று பக்கத்துப் பெண் இவள் கழுத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். அத்தோடு போகவில்லை.

செருப்புச் சத்தம். அண்ணன் வந்தான். குடத்தின் மேல் மூடியிருந்த தட்டை எடுத்தான், செம்பில் மொண்டான், அண்ணாந்து குடித்தான். வேகமாகக் குடிக்கிறான், புரையேறப்போகிறது என்று நினைத்தாள், ஏறவில்லை. மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு கொல்லைப் பப்பாளி மரத்தைப் பார்த்துச் சொன்னான்:

"ஒண்ணும் ஞாபகம் இல்லன்னு சொல்லிடு தையு. அப்ப சின்னப் புள்ளதானே நீ. யாரு கேக்கப்போறா."

"சரிண்ணே."

"அந்தம்மா நல்ல மனுஷிதான். ஏதாவது உதவி வேணும்னா பண்ணலாம்னு கூடச் சொன்னேன்."

"சரிண்ணே."

போகவில்லை. இன்னும் என்னவோ சொல்லப்போகிறான் என்று காத்திருந்தாள். அவனுக்குக் காது மடலில் நரைமயிர் முளைத்திருக்கிறது. கொட்டகை எரிந்த அன்றைக்கு அந்த இடத்தில் பவுடர் ஒட்டிக்கொண்டிருந்தது. "கீரையில உப்பு கம்மியா போடச் சொல்லு," என்றுவிட்டு உள்ளே போனான். ஞாபகம் இல்லை என்பது சுலபம். ஆனால் ஞாபகம் இல்லை என்றால் கல்லில் இருக்கிறபடி இருக்கும். கேட்டுக்காரர் பூட்டிவிட்டு ஓடினார் என்று. அந்தப் பேரன், என்ன பெயரோ, பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிப்பான், மா-சி-லா-மணி. கூடப் படிக்கிற பையன்களும் படிப்பார்கள். பையன்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தையல்நாயகிக்குத் தெரியும்.

அன்றைக்கு ஆடி வெள்ளி. பெண்களுக்காகப் பகல் ஆட்டம் போட்டார்கள். கறுப்புத் துணியைக் கட்டி வெளிச்சத்தை அடைத்திருந்தார்கள். போன மழைக்கு முன்னாலேயே மாற்றியிருக்க வேண்டிய கீற்றைப் பிள்ளை மாற்றவில்லை, தலைக்கு மேலே அது பொரித்த அப்பளம் மாதிரி மொறமொறத்துக்கொண்டிருந்தது. பகல் ஆட்டத்தில் ஒரு சங்கடம், பெண்கள் பக்கத்துக் கதவை யாராவது துளி திறந்தால் போதும், வெயில் ஒரு பலகை மாதிரி நீட்டிக்கொண்டு போய்த் திரையில் விழும். கதாநாயகன் மூஞ்சி வெளுத்துக் காணாமல் போய்விடும். உடனே ஆண்கள் பக்கம் முழுக்கக் கத்தும். "ஏய், கதவைச் சாத்து! கதவைச் சாத்து!" விசில் அடிக்கும், மணலை வாரி இறைக்கும். பெண்களும் சேர்ந்துகொள்வார்கள். அதுவே படத்தைவிட வேடிக்கை. இவளுக்கு ஒன்றுக்கு வந்தது. அம்மா, போய்க் கதவைத் தட்டு, அண்ணன்தான் நிற்கிறான் என்றாள். மேடுகளைத் தாண்டித் தாண்டி, யார் யார் காலையோ மிதித்து, திட்டு வாங்கிக்கொண்டு போனாள். தட்டினாள். "அண்ணே, ஒண்ணுக்கு வருது." பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "இப்பத்தான உள்ள போன. தொறந்தா கத்துவானுங்க. போய் உக்காரு," என்றான். அவன் குரல்தான். அதில் சந்தேகமே இல்லை. எத்தனையோ தடவை சந்தேகப்பட்டுப் பார்த்திருக்கிறாள். வேறு பையன் குரலாக இருக்கட்டும், கம்மாளர் தெருப் பையன் குரலாக இருக்கட்டும் என்று அந்தக் குரலுக்கு ஒவ்வொரு மூஞ்சியாக மாட்டிப் பார்த்திருக்கிறாள், எந்த மூஞ்சியும் பொருந்தவில்லை. "அண்ணே, அவசரம்ண்ணே," என்றாள். கதவு திறக்கவில்லை. போகவும் மனசில்லாமல் கதவடியிலேயே நின்றாள். அப்போது திரை வெளுத்தது.

முதலில் ஓரத்தில். பிறகு கதாநாயகனின் பாதி மூஞ்சி. பிறகு முழு மூஞ்சியும் போய்விட்டது. எங்கே தீப்பிடித்தது, மெஷின் ரூமிலா, யாரோ போட்ட பீடியிலா, இன்றுவரை யாருக்கும் தெரியாது. பின்னால் கூரையில் பிடித்த தீயின் வெளிச்சம் முன்னால் திரையில் விழுந்தது, அவ்வளவுதான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரையில் வெளிச்சம் விழுந்தால் என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியுமே. மொத்தக் கொட்டகையும் கத்தியது. "கதவைச் சாத்து! ஏய் பொம்பளப் பக்கம்! கதவைச் சாத்துங்கடி!" விசில். சிரிப்பு. "யாருடி அவ, சாத்துங்கடி, சீன் போவுது!" அது அம்மா குரல், எல்லாக் குரலுக்கும் மேலே. அம்மாவும் கத்தினாள். இவள் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள், கதவு சாத்தித்தான் இருந்தது. சாத்தித்தான் இருக்கு என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அந்தப் பக்கம் தாழ்ப்பாளில் கை விழுந்தது. ஊரே கத்துகிறதே, சரியாகப் போடவில்லையோ என்று நினைத்திருப்பான். இரும்பு இரும்பில் இடித்து உள்ளே போய் உட்காருகிற சத்தம். நன்றாக, இறுக்கமாக, இனி யாரும் குறை சொல்ல முடியாதபடி. சொன்ன வேலையைச் செய்கிற பையன் அவன். பிறகு செருப்புக் கால் நடந்து போகிற சத்தம், முன்வாசல் பக்கமாக. என்ன கூச்சல் என்று பார்க்கப் போனானோ, படத்தில் நல்ல பாட்டு வருகிற இடம் என்று போனானோ, எங்கே போனான் என்று அவள் இதுவரை கேட்டதில்லை. கேட்டால் அவன் சொல்லிவிடுவானோ என்று பயம்.

அதற்குப் பிறகு நடந்ததில் முன் எது பின் எது என்று இல்லை. தகரத்தை அடிக்கிற சத்தம், நூறு கையால் அடிக்கிற சத்தம். கீற்று மேலிருந்து ஒவ்வொரு பிடியாகக் கழன்று விழுந்தது, எரிகிற கோழி மாதிரி. கதவை உள்ளே இழுக்கிறவர்களும் வெளியே தள்ளுகிறவர்களும். அம்மா வந்துவிட்டாள். எப்படி வந்தாள் அத்தனை மேட்டையும் தாண்டி? இவளைப் பிடித்து மூலைக்குத் தள்ளினாள். அங்கே தகரம் மணலில் புதைந்திருந்தது. "தோண்டுடி," என்றாள். "நாய் மாதிரி தோண்டு." இரண்டு பேரும் தோண்டினார்கள். மேலே மணல் சூடு, உள்ளே போகப்போகக் குளிர்ந்தது, ஆற்றடியில் தோண்டுகிற மாதிரி ஈரமாக இருந்தது. தகரத்துக்கு அடியில் தலை நுழைந்தது. தோள் மாட்டியது. அம்மா இரண்டு காலையும் பிடித்துத் தள்ளினாள். தள்ளுகிற கை ஒரு சமயத்தில் நின்றது. நின்ற பிறகும் அவள் முழங்கையால் ஊன்றி வெளியே வந்தாள். வெளியே வெயில். வெளியே அவ்வளவு சாதாரணமாக வெயில் அடித்துக்கொண்டிருந்தது. படுத்தபடியே பார்த்தாள். ஆண்கள் பக்கத்துக் கீற்றுத் தடுப்பைக் கேட்டுக்கார மாசிலாமணி வெறுங்கையால் பிய்த்துக்கொண்டிருந்தார். தலைப்பாகை புகைந்துகொண்டிருந்தது. ஆட்கள் அந்த வழியாகக் குதித்துக்கொண்டிருந்தார்கள். யாரோ பொம்பளப் பக்கம் என்று அலறியதற்கு, அவர் திரும்பாமலே, "அங்க தம்பி நிக்குது! அது தொறந்துடும்! நீங்க இங்க வாங்க, இங்க!" என்று கத்தினார். நம்பிக் கத்தினார். அதற்கு மேல் இவளுக்கு நினைவில்லை. உண்மையாகவே நினைவில்லை.

ஆக, ஓடவில்லை என்று சொல்லலாம். சொன்னால் அந்தப் பெண், பின்னே எங்கே இருந்தார் என்பாள். ஆண்கள் பக்கம் பிய்த்துக்கொண்டிருந்தார் என்றால், ஏன் பெண்கள் பக்கம் வரவில்லை என்பாள். தம்பி நிற்கிறது என்று நம்பினார் என்றால், எந்தத் தம்பி என்பாள். எந்த உண்மையைத் தொட்டாலும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அண்ணன் வந்து நின்றான், இஸ்திரி போட்ட சட்டையில், காது மடலில் பவுடரோடு. அவன் வேண்டுமென்றா செய்தான்? கத்தினது ஊர். அம்மாவும்தான் கத்தினாள். ஆனால் அந்த நாலு வரியை ஊர் எழுதவில்லை, அவன் எழுதினான். எழுதும்போது பேனா ஒரு இடத்திலாவது நின்றிருக்கும், இவள் துருவல் நின்ற மாதிரி. நின்றிருக்காதா? முறத்தில் பார்த்தாள். உருவ ஒன்றும் மீதி இல்லை, வெறும் ஈர்க்கை உருவிக்கொண்டிருந்தாள்.

"தையு," என்று அண்ணன் கூப்பிட்டான். "இங்க வா."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அடுப்பைப் பார்த்தாள், அணைந்திருந்தது. கூடத்துக் கதவடியில் நின்றாள். செங்கமலம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள், இவளைவிடச் சின்னவள், ஆனால் தலை முழுக்க வெளுத்துவிட்டது. ஜாக்கெட் தோளில் தையல் விட்டதை ஊக்கு வைத்துக் குத்தியிருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். தன்னைப் பார்த்து யாரும் எழுந்து நின்றதில்லை, தையல்நாயகிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அண்ணன் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள்.

"அக்கா, தொந்தரவு பண்றேன். எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான். எங்கப்பா ஓடினாராக்கா?"

"இல்ல," என்றாள் தையல்நாயகி.

அண்ணனின் இருமல் பாதியில் நின்றது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. இனி அடுத்தது வரும், அதற்கடுத்தது வரும். செங்கமலத்தின் வாய் திறந்துகொண்டிருந்தது. அந்த வாயில் கேள்வி உருவாவதைத் தையல்நாயகி பார்த்தாள்.

"அப்போ அந்தக் கதவு..."

"உங்கப்பாதான் என்னை வெளியே இழுத்துப் போட்டாரு," என்றாள். குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது, உறுதியாக, வேறு யாரோ பேசுகிற மாதிரி. "தகரத்துக்கு அடியில கைய விட்டு இழுத்தாரு. அவரு இல்லன்னா நான் இல்ல."

செங்கமலம் மெதுவாக உட்கார்ந்தாள். "எங்கப்பா சொல்லவே இல்லியே. ஒரு நாளும் சொன்னதில்லியே."

"புகை. யாரை இழுத்தோம்னு அவருக்கே தெரிஞ்சிருக்காது."

"எத்தனை தடவை கேட்டிருக்கேன். கதவுகிட்ட போனியாப்பான்னு. தலையைக் குனிஞ்சுக்குவாரு." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். கதவைப் பற்றிக் கேட்க வந்தது கேட்காமலே திரும்பிப் போயிற்று. கையில் ஒன்று கிடைத்துவிட்டது, அதை எங்கே வைப்பது என்று பார்க்கிறவள் போல இருந்தாள்.

"நான் சொன்னேனேம்மா, கமிட்டியில பேசிக்கலாம்னு," என்றான் அண்ணன். குரலில் எங்கிருந்தோ கட்டு அவிழ்ந்திருந்தது, படபடவென்று வந்தது. "அந்த வரிய எடுத்துடலாம். 'உயிரைப் பொருட்படுத்தாமல் காப்பாற்றிய கேட்டுக்காரர் மாசிலாமணி' அப்படின்னே போட்டுடலாம். என்ன மங்கை, காபி போடு, அவங்க குடிப்பாங்க."

பேசிக்கொண்டே திரும்பியவன் தையல்நாயகியைப் பார்த்தான். கதவு நிலையை இல்லை, புடவையை இல்லை, கண்ணை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு பார்த்தான். அதில் நன்றி இருந்தது. நன்றிக்குப் பின்னால் இனி உன்னிடம் என்ன பேசுவேன் என்கிற திகைப்பும் இருந்தது. அவள்தான் முதலில் பார்வையை எடுத்தாள். அம்மா தோண்டியது போயிற்று. நாய் மாதிரி தோண்டு என்று சொன்னது போயிற்று. இனி அதை யாரிடம் சொன்னாலும் பொய்யாகிவிடும்.

செங்கமலம் எழுந்து கிட்டே வந்தாள். ஊக்கு குத்திய தோள் தையல்நாயகிக்கு நேரே நின்றது.

"எந்தக் கையப் புடிச்சாருக்கா?" என்றாள், மெதுவாக. "எங்கப்பா. எந்தக் கையி?"

இதை அவள் யோசித்து வைக்கவில்லை. அன்றைக்குக் கையை யாரும் பிடிக்கவில்லை. பிடித்ததெல்லாம் காலைத்தான், கை இரண்டும் மணலுக்குள் இருந்தது. அண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான். தையல்நாயகி தன் இரண்டு கைகளையும் குனிந்து பார்த்துவிட்டு, இடது கையை நீட்டினாள்.